நடைப்பலகையில் இறங்கியவர்

என் வீட்டுக்காரர் படம் எடுக்கிறவர். படம் என்றால் ராஜா, ராணி, பாட்டு, கத்திச் சண்டை எல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் என்மேல் பொறாமைப்பட்டார்கள். கல்யாணமான மறு வாரம் அவர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். கண்மாயில் மண் வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்துபோய்க் கரையில் கொட்டுகிறார்கள். திரும்பி வந்து மறுபடியும் வெட்டுகிறார்கள். "இதப் பாக்கணும்னா திருச்சுழிக்கு நடந்து போனா ஓசியிலேயே பாக்கலாமே" என்றேன். அவர் கோபிக்கவில்லை. காமிராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அங்க போக முடியாதவுகளும் உலகத்துல இருக்காகல்ல" என்றார்.

இப்போது அவரை முன்னோடி என்கிறார்கள். உள்ள மனிதர்களை உள்ளபடி படம் பிடித்ததில் நம் பக்கத்தில் அவர்தான் முதல் ஆள் என்று மேடையில் பேசுகிறார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு அருப்புக்கோட்டை அவருக்கு வைத்த பெயர் வேறு. "வேலையத்தவுக வீடு எது?" என்று கேட்டால் குழந்தைகூட எங்கள் வீட்டைக் காட்டும்.

என்னைக் கட்டுவதற்கு முன்னால் ரங்கூனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து காமிராவை வாங்கியிருக்கிறார். பக்கவாட்டில் ஒரு சாவி இருக்கும். முறுக்கிவிட்டால் அரை நிமிஷம் ஓடும். அந்த அரை நிமிஷத்துக்காக அரை நாள் வெயிலில் நிற்பார். இப்படித் திரும்புங்கள், அப்படிச் சிரியுங்கள் என்று யாரிடமும் சொன்னது கிடையாது. காமிராவைக் கண்டதும் ஆட்கள் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சலித்துப்போய்த் தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்கும்வரை சும்மா நிற்பார். ஜப்பான் சண்டைக் காலத்தில் பஸ் நிற்கிற இடத்தைப் படம் எடுத்ததற்காகப் போலீஸ்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஜப்பான்காரன் வந்து நரிக்குடி பஸ்ஸில் ஏறப்போகிறானா என்று நான் ஸ்டேஷன் வாசலில் சத்தம் போட்டேன். அதனால்தான் விட்டார்களோ, அதனால்தான் சாயங்காலம்வரை வைத்திருந்தார்களோ, தெரியாது.

படத் துண்டுகளை ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது என் பிறந்த வீட்டால். நாங்கள் தறிக்காரர்கள். அறுந்த இழையை முடிச்சே தெரியாமல் சேர்க்கிற விரல் எனக்கு. அதைப் பார்த்துவிட்டுப் பிலிமையும் என் கையில் கொடுத்தார். துண்டின் ஓரத்தைப் பிளேடால் சுரண்ட வேண்டும். ஒரு மருந்தைத் தடவ வேண்டும். அது கனிந்த வாழைப்பழம்போல வாசம் அடிக்கும். அடுத்த துண்டை அதன்மேல் வைத்து அழுத்தி இருபது எண்ண வேண்டும். அவ்வளவுதான். மதுரையில் எடுத்ததும் மண்டபம் கடற்கரையில் எடுத்ததும் ஒரே நாளில் நடந்ததுபோல் ஆகிவிடும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சும்மா பழமொழியாகச் சொல்கிறோம். நான் அதைத்தான் தினமும் மத்தியானம் சோறு வடித்துவிட்டுச் செய்துகொண்டிருந்தேன்.

அவர் ரொம்பக் காலமாகச் சேர்த்துவைத்த படம் ஒன்று இருந்தது. வானம் பார்த்த இந்தக் கரிசலிலிருந்து பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றியது. சண்டைக்கு முன்னால் ரங்கூன் துறைமுகத்தில், கூலி வேலைக்கு வந்து இறங்குகிறவர்களை எடுத்திருந்தார். பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் ஜனங்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடி வந்தார்களே, அப்போது கல்கத்தாவுக்குப் போய், அகதிகளாகக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களை எடுத்தார். இந்த இரண்டு பிலிம் டப்பாக்களும்தான் அந்தப் படத்துக்கு உயிர்.

டப்பாக்களின்மேல் சீட்டு ஒட்டி, எந்த ஊர், எந்த மாசம் என்று எழுதிவைப்பது அவர் வழக்கம். அந்தச் சீட்டுகளை ஒட்டினது நான். தறிக்காரர் வீட்டில் எதை ஒட்டுவதென்றாலும் பாவு நூலுக்குப் போடுகிற கேப்பைக் கஞ்சிதான். பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடுவதும் அதில்தான், சாமி படத்தைச் சுவரில் ஒட்டுவதும் அதில்தான். நல்ல கெட்டிக் கஞ்சியாகப் போட்டு, விரலால் நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். கரப்பான்களுக்கு அதைவிட நல்ல விருந்து கிடைக்குமா? ஒரு கோடை முழுக்க இருந்து தின்றிருக்கின்றன. நான் பார்த்தபோது டப்பாக்களின்மேல் மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

அதை நான் கண்டுபிடித்த நேரமும் சரியில்லை. அவருக்கு மஞ்சள் காமாலை. கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. பருத்தி அரவை மில் முதலாளி ஒருவர், ஆடி மாசம் பருத்தி அடைக்கிற கிட்டங்கி காலியாகத்தான் கிடக்கும், ஊராருக்கு அங்கேயே படத்தைப் போட்டுக் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். படமோ முடியவில்லை. "கல்கத்தா டப்பாவுலருந்து, கப்பல் நடைப்பலகையில எறங்குறவுகள எடுத்துக் கடைசில சேரு" என்று கட்டிலிலிருந்து சொன்னார். நான் இரண்டு டப்பாவையும் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதிலும் நடைப்பலகை, அதிலும் நடைப்பலகை. இதிலும் மூட்டை, அதிலும் மூட்டை. பிழைக்கப் போகிறவனும் பிழைத்து வருகிறவனும் ஒரே மாதிரிதான் மூட்டை தூக்குகிறான். சீட்டைக் கரப்பான் தின்ற கதையைக் காய்ச்சல்காரரிடம் சொல்லப் பயம். அளவுக்குத் தோதாக இருந்த துண்டுகளை இரண்டிலிருந்தும் எடுத்து ஒட்டிவிட்டேன். யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

சண்டை முடிந்த மறு வருஷம் ஆடியில், கிட்டங்கியில் படம் போட்டோம். பகல் பதினோரு மணி. கதவுகளைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கை அடைத்தால் உள்ளே கும்மிருட்டு. மில் எஞ்சினிலிருந்து கரண்டு. எங்கள் வீட்டுத் தறியில் நெய்த அகல வேட்டிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து நடுவில் கட்டியிருந்தோம். ஆண்களுக்கு முன்பக்கம். பெண்களுக்கு வேட்டிக்குப் பின்பக்கம். மெல்லிய துணி, அந்தப் பக்கமும் படம் தெரியும். ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியும். படத்தில் கூலியாட்கள் உட்கார்ந்து சோறு தின்கிற இடம் வந்தபோது பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

"அடி ஆத்தீ, அக்கரைச் சீமையில எல்லாரும் பீச்சாங்கையில திங்கிறாகளே!"

கடைசியில் நடைப்பலகை வந்தது. ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். மூட்டையைத் தோளில் வைத்த ஒருவர் பாதிப் பலகையில் நின்று, நேரே நம்மைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப்போகிறார். மூன்று விநாடி இருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். மில்லில் தூத்துப் பெருக்குகிற ஒருத்தி, எழுந்து இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துவிட்டாள். வேட்டி அறுந்து விழுந்தது. பின்னால் இருந்த பெண்கள்மேல் படம் ஓடியது. கிட்டங்கியில் தீ என்று யாரோ கத்த, கதவைத் திறந்துகொண்டு எல்லாரும் வெளியே ஓடினார்கள். கூட்டத்தில் நான் அவளைத் தேடினேன். வேட்டியைக் கட்டிப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். "எங்க வீட்டுக்காரவுக. எங்க வீட்டுக்காரவுக" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளும் அவளுடைய அண்ணனும் வந்தார்கள். அண்ணன் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் மானாவாரி வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. அவர்தான் பேசினார். தங்கச்சி புருஷன் ரங்கூனில் மூட்டை தூக்கப் போனவர். குண்டு போட்டதும் மலைப்பாதையில் நடந்து வந்த கூட்டத்தில் அவரும் இருந்தார், வழியில் பேதி கண்டு செத்துப்போனார் என்று கூடப் போன ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். சொன்னவரும் பிணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் சொல்லக் கேட்டதுதான். இவள் நான்கு வருஷம் தாலியைக் கழற்றவில்லை. அவர்கள் முதல் தாலியை அறுத்து மறுதாலி கட்டுகிற வழக்கம் உள்ளவர்கள். இப்போதுதான் மனசு மாறி, மில்லுக்குப் பருத்தி ஏற்றி வருகிற வண்டிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள். ஆவணியில் நாள் குறித்தாயிற்று.

"மொதப் புருஷன் பேருக்கு எள்ளும் தண்ணியும் எறச்சுட்டுத்தான் ரெண்டாந்தாலி ஏறணும், ஐயா" என்றார் அண்ணன். "உசுரோட இருக்குற மனுசனுக்கு எள்ளுத் தண்ணி எறச்சா அந்தப் பாவம் எங்க வம்சத்த விடாது. உசுரோட இருந்தா அவரே வந்து பந்தத்தத் தீத்து விடணும். அதனால ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தப் படத்த எப்ப எடுத்தீக?"

கேள்வி எவ்வளவு சின்னது! ரங்கூனில் எடுத்தது என்றால், அவர் வேலைக்குப் போய் இறங்கிய நாளில் எடுத்தது. அதற்குப் பிறகு செத்திருக்கலாம், எள் இறைக்கலாம். கல்கத்தாவில் எடுத்தது என்றால், அவர் மலைப்பாதையில் வரவே இல்லை. கப்பலில் வந்து சேர்ந்திருக்கிறார், பிழைத்திருக்கிறார், நான்கு வருஷமாக வீட்டுக்கு வரவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தார். "கல்கத்தா" என்று சொல்ல வாயெடுத்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இருங்க" என்றேன். கஞ்சி, கரப்பான், இரண்டு டப்பா எல்லாவற்றையும் வந்தவர்கள் முன்னாலேயே கொட்டிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டுலருந்துமா?" என்றார். அதுதான் அவர் கேட்டது. அண்ணன் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தலை குனிந்தே இருந்தாள்.

அந்தத் துண்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பலகை, அதற்குப் பின்னால் கப்பலின் இரும்புச் சுவர். கரை தெரியவில்லை, எழுத்து தெரியவில்லை, கொடி தெரியவில்லை. ஒரு வாரம் பார்த்தார். திங்கட்கிழமை, நிழலைப் பார்த்தால் கல்கத்தா மாதிரி இருக்கிறது என்றார். புதன்கிழமை, கயிற்றைப் பார்த்தால் ரங்கூன் என்றார். இந்த ஆளை எடுத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாரையும் ஞாபகம் இருக்கு. அதான் தொந்தரவு" என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினதுபோல் ஆயிற்றே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் வண்டிக்காரர் வந்தார். மாட்டைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றுகொண்டார். நாற்பது வயசு இருக்கும், அதிகம் பேசிப் பழகாத ஆள். தோள் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, நான் ஒண்ணும் கேக்க வரல. இருக்காகன்னா இருக்காகன்னு சொல்லிருங்க. நான் வெலகிக்கிறேன். கல்கத்தா எம்புட்டுத் தூரம்னு மட்டும் ஐயாட்டக் கேட்டுச் சொல்லுங்க. போய்த் தேடிக் கூட்டிட்டு வாரேன்."

"எதுக்குய்யா நீங்க போறீக?" என்றேன்.

"அவ சோறு திங்கலையாம்" என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு அன்று வந்த கோபத்தை எங்கே இறக்குவதென்று தெரியாமல் வீட்டுக்காரர்மேல் இறக்கினேன். "ரங்கூன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒங்க வாய் வெந்து போயிருமா? ஒரு பொம்பள பொழச்சுப் போவா. அந்த ஆளும் பொழச்சுப் போவாரு."

"எனக்குத் தெரியாதே" என்றார்.

"தெரியாட்டி என்ன? தெரிஞ்ச மாதிரிதான ஊரெல்லாம் படம் காட்டுறீக?"

சொல்லியிருக்கக் கூடாது. அவர் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். "வெய்யில்ல நின்னு எடுத்தேன். நெசமான ஆளு. நெசமா எறங்குனாரு. அது போதும்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "எந்த நாள்னு தெரியலைனா அது நெசமா, பொய்யா?" என்று கேட்டார். அவர் என்னைக் கேட்கிறாரா, தன்னையே கேட்டுக்கொள்கிறாரா என்று புரியவில்லை. இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. உலை கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவள் தனியாக வந்தது ஆடிக் கடைசியில். என் வீட்டுக்காரர் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போயிருந்தார். வெளியே காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நான்கைந்து வயசுதான் என்னைவிடக் குறைவாக இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு அழுக்கேறிக் கிடந்தது.

"யக்கா, அத எனக்குக் காட்டுறீகளா? நான் நல்லாப் பாக்கல. கண்ணுல தண்ணி நெறஞ்சு போச்சு."

ரீலைப் பிரித்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பிலிமையும் பூதக்கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்தேன். சன்னலோரம் போய் நின்று, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா" என்றாள். "அவுக பனையிலருந்து விழுந்து வலது தோள் எலும்பு சரியாக் கூடல. வலது தோள்ல சொமை ஏத்தவே மாட்டாக. ஒரு ஓலைக் கடாப்பெட்டியக்கூட எடது பக்கந்தான் ஏத்துவாக. இவுக வலது தோள்லல்ல மூட்டைய வச்சிருக்காக."

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். பளபளப்பான பக்கம் நம் கண்ணைப் பார்த்திருந்தால்தான் படம் சரியாகத் தெரியும். அவள் மங்கல் பக்கத்தைத் தன் கண்ணுக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்தால் இடது வலதாகிவிடும். நான் எட்டி அதைப் பிடித்து ஒரு புரட்டுப் புரட்டினால், மூட்டை இடது தோளுக்குப் போய்விடும்.

புரட்டவில்லை. அவள் கையில் கொடுத்தவளே நான்தான். தெரிந்துதான் அப்படிக் கொடுத்தேனா, பதற்றத்தில் கொடுத்தேனா? பிலிம் துண்டுகளை வருஷக்கணக்காக இருட்டில்கூடப் பக்கம் தெரிந்து எடுத்தவள் நான். அன்றைக்கு மட்டும் எப்படித் தவறியது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அவளும்தான் வேட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பீச்சாங்கையால் தின்கிறார்கள் என்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவள். இடவலம் மாறும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் திருப்பாமல் வைத்திருந்தாளா? அவள் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அவள் காத்திருப்பதுபோலவும் இருந்தது, சொல்லிவிடாதே என்று கும்பிடுவதுபோலவும் இருந்தது.

"ஆமாத்தா" என்றேன். "வலது தோள்தான்."

"அப்ப இவுக அவுக இல்ல."

"இல்ல போலத்தான் இருக்கு."

பிலிமை மெதுவாக என் கையில் வைத்தாள். போகப்போகிறாள் என்று நினைத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இத வெட்டிருங்க, யக்கா. இன்னொரு ஊர்ல போட்டீகன்னா, எவளாச்சும் எம்புருஷன்னு எந்திரிப்பா. பாவம்ல."

அவள் கண் முன்னாலேயே வெட்டினேன். இரண்டு முனைகளையும் சுரண்டி, மருந்து தடவி, அழுத்தி, இருபது எண்ணினேன். அவளும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். வெட்டிய துண்டு ஒன்றரைச் சாண்தான் இருக்கும். அதை அடுப்பில் போட்டேன். பொசுக்கென்று எரியவில்லை, சுருண்டு, புகைந்து, கெட்ட வாடை அடித்து, கரியாயிற்று. அவள் அதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் மதுரை பஸ்ஸில் அவர் வந்தார். கை கால் கழுவும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் துண்ட எடுத்துட்டேன். அது அவுக இல்லையாம். அவுக எடது தோள்லதான் சொமை ஏத்துவாகளாம், படத்துல மூட்டை வலது தோள்ல இருக்காம்" என்றேன். தான் எடுத்த படத்தில் ஓர் அங்குலம் குறைந்தாலும் தாண்டிக் குதிக்கிற மனிதர். அன்றைக்குச் செம்பைக் கீழே வைத்தார்.

"எந்தப் பக்கமா வச்சுப் பாத்தா?" என்று கேட்டார்.

"பளபளப்புப் பக்கம்தான்" என்றேன்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவரிடம் சின்னச் சின்னதாக எவ்வளவோ மறைத்திருக்கிறேன். நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அந்தத் துண்டில் மூட்டை எந்தத் தோளில் இருந்தது என்று ஒரு வாரம் கண்ணாடி வைத்துப் பார்த்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதே இல்லை. ஒன்று மட்டும் மாறியது. அன்றிலிருந்து எங்கே போய்ப் படமெடுத்தாலும், முதலில் ஒரு சிலேட்டில் ஊரையும் நாளையும் எழுதி, அதை ஒரு விநாடி படம் பிடித்துவிட்டுத்தான் மற்றதை எடுப்பார். பிலிம் கிடைக்காத காலத்தில் இது வேறு வீண் செலவு என்று நானே முணுமுணுத்திருக்கிறேன்.

ஆவணியில் அவர்கள் கல்யாணம் நடந்தது. எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்களைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் என்னால் போயிருக்க முடியாது. அன்றைக்குப் பகல் முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்கத்தாவில் எங்கோ ஒரு மனிதர் சோற்றில் கை வைக்கிறபோது இங்கே அவருக்குத் தண்ணீர் இறைக்கிறார்களோ என்று நினைப்பேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை, மலைப்பாதையில் எலும்பாகிவிட்டார் என்று அடுத்த நிமிஷம் நினைப்பேன்.

மறு வருஷம் பங்குனியில் அவளை அருப்புக்கோட்டைச் சந்தையில் பார்த்தேன். ஆறு மாத வயிறு. கழுத்தில் புதுக் கயிறு. வண்டிக்காரர் தூரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தார், மரியாதைக்கு. அவள் சதை போட்டு நன்றாக இருந்தாள். கருங்கண்ணிப் பருத்தி இந்த வருஷம் காய் பிடித்ததையும், ஆடு இரண்டு குட்டி போட்டதையும் சொன்னாள். ஐயாவுக்கு உடம்பு தேவலையா என்று கேட்டாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. நாம் செய்தது சரிதான் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கிளம்பினவள், வண்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் அருகே வந்தாள்.

"யக்கா, நீங்க அதப் பல தடவை பாத்திருப்பீகல்ல?"

எதை என்று நான் கேட்கவில்லை.

"ரொம்ப மெலிஞ்சா இருந்தாக?"

அந்தத் துண்டு என் விரலில் எத்தனை தடவை ஓடியிருக்கும்! அதன் ஓரத்துத் துளைகள் தெரியும். எந்த இடத்தில் கீறல், எந்த இடத்தில் தூசி, எங்கே வெட்டினால் கண்ணுக்கு உறுத்தாது என்றெல்லாம் தெரியும். அந்த மனிதரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. குண்டா, ஒல்லியா, சிரித்தாரா, பயந்தாரா, ஒன்றும் வரவில்லை. இனி எடுத்துப் பார்க்கவும் முடியாது.

"இல்லத்தா. நல்லாத்தான் இருந்தாக" என்றேன்.

"அப்பச் சரி" என்றாள். "அவுக பசி தாங்க மாட்டாக."